நாலு கோழி போதும்!

மம்சாபுரம் மாதிரி மலையடிவார ஊர்களில் கொல்லைப்புறம் வைத்த வீட்டைப் பார்த்தாலே, 'நாலு கோழி வளர்த்தா பிள்ளைகளுக்கு வீட்டு முட்டை கிடைக்குமே' என்ற ஆசை வந்துவிடும். நல்ல ஆசைதான். ஆனால் நம்மவர்கள் நாலோடு நிறுத்துவதில்லை. சந்தையில் பத்து, பதினைந்து என்று அள்ளி வருவார்கள். மூன்றாம் மாதம் பார்த்தால் பஞ்சாரம் காலி! 'நமக்குக் கோழி ராசியில்லை' என்று ஒரு பேச்சு வேறு.

ராசியெல்லாம் ஒன்றுமில்லைங்க. பெரும்பாலும் வெள்ளைக்கழிச்சல்தான் காரணம். ராணிக்கெட் என்று டாக்டர்கள் சொல்வதும் இதைத்தான். வைரஸ் நோய் என்பதால் வந்தபிறகு வைத்தியம் கிடையாது. மஞ்சளும் வேப்பிலையும் அரைத்து ஊட்டினாலும் காப்பாற்ற முடியாது. இன்றைக்கு ஒன்று சுருண்டால் அந்த வாரத்திலேயே மொத்தமும் போய்விடலாம். தடுப்பு மட்டுமே வழி. குஞ்சுக்கு முதல் வாரத்தில் சொட்டு மருந்து, எட்டாவது வாரத்தில் இறக்கையில் ஊசி. அரசு கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். பிப்ரவரியில் இதற்கென்றே இருவார முகாமும் நடத்துகிறார்கள். புதிதாக வாங்கிய கோழியை இரண்டு வாரம் தனியாக வைத்த பிறகே மற்றதோடு விடுங்கள்.

கோழி வாங்கும் முன் கூடு தயாராக இருக்கட்டும். நாலுக்கு மூன்றடிக்கு மூன்றடி போதும். தரையிலிருந்து இரண்டடி உயரம், காற்றோட்டம், கெட்டியான கம்பி வலை. மலைப்பக்கம் என்பதால் கீரியும் மரநாயும் சும்மா விடாது. (வீட்டில் ராஜபாளையம் நாய் இருந்தால் அதன்மேலும் ஒரு கண் இருக்கட்டும். வேட்டை ஜாதியாச்சே!)

இனி முட்டைக் கணக்கு. நாட்டுக்கோழி வருஷத்துக்கு 60 முதல் 80 முட்டைதான் இடும். நடுவில் அடைக்கு உட்கார்ந்தால் முட்டை நின்றுவிடும். நாலு கோழி, நாலு பேர் என்றால் ஆளுக்கு வாரம் ஒன்று, ஒன்றரை. குறைச்சலாகத் தெரிகிறதா? ஹைதராபாத்தில் உருவாக்கிய 'கிராமப்ரியா' ரகம் இதைப்போல இரண்டு மடங்கு இடும், ஆனால் அடைகாக்காது. முட்டைக்காக மட்டும் என்றால் சேவலே தேவையில்லை, பக்கத்து வீட்டுக்காரருக்கும் விடியற்காலைத் தூக்கம் மிஞ்சும்!

மேய்ச்சலோடு கொஞ்சம் கம்பு, குருணை போடுங்கள். முட்டை ஓடு மெலிந்தால் கிளிஞ்சல் தூள். கூட்டைச் சுத்தம் செய்பவர் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சமையலறைக்குள் வரக்கூடாது. குழந்தைகளுக்கும் இதே சட்டம்தான்.

கடைசியாக ஒன்று. பெண் பெரியமனுஷி ஆனால் நல்லெண்ணெயோடு பச்சை முட்டை குடிக்கவைப்பது நம் பக்கத்துப் பழக்கம். 'நம்ம வீட்டு முட்டைதானே, சுத்தமாத்தானே இருக்கும்' என்று தைரியம் கூடிவிடுகிறது. வீட்டுக் கோழியிடமும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். அதோடு, 1998-ல் பெல்ஜியத்தில் வெளியான ஆய்வுப்படி வெந்த முட்டையின் புரதத்தில் 90 சதவீதம் உடம்பில் சேர்கிறது, பச்சை முட்டையில் பாதிதான். அந்தப் பெண்ணுக்குத் தெம்பு வரவேண்டும் என்றுதானே கொடுக்கிறோம்? அதே நல்லெண்ணெயில் நன்றாகப் பொரித்துக் கொடுங்களேன். குமட்டலும் இல்லாமல் சாப்பிடுவாள்.