எச்சில் நூல் புருவத்துக்கு எதற்கு?

"டாக்டர், முகூர்த்தத்துக்கு இன்னும் இருபதே நாள்தான் இருக்கு. இதைக் கொஞ்சம் பாருங்க!"

அம்மா பதறினார். பெண்ணின் வலது புருவத்துக்குக் கீழே கடுகு அளவில் ஐந்தாறு மருக்கள். புள்ளி வைத்த மாதிரி ஒரே வரிசை!

"த்ரெடிங் பண்ணிக்கிறியாம்மா?" என்றேன்.

"மாசம் ஒரு தடவை, பார்லர்ல பண்ணிப்பேன் சார்."

"நூலோட ஒரு முனையை அவங்க எங்கே பிடிச்சுக்கிறாங்க?"

"வாயிலதான் சார்... பல்லுல கடிச்சுக்கிட்டு..." சொல்லும்போதே அவள் முகம் மாறிவிட்டது.

மரு என்பது வைரஸால் வருவது. ஒருவர் தோலிலிருந்து இன்னொருவருக்கு ஒட்டிக்கொள்ளும். நூல் முடியை வேரோடு பிடுங்கும்போது கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னக் கீறல்கள் விழும். அழுக்கு நூலிலோ கையிலோ கிருமி இருந்தால், அந்தக் கீறல் வழியே உள்ளே போய்விடும். ஏற்கெனவே ஒரே ஒரு மரு இருந்தாலும் போதும், நூல் அதை உரசி வழிநெடுக விதைத்துவிடும். எச்சில் சேர்ந்தால் இன்னொரு தொல்லை. உதட்டில் கொப்புளம் உண்டாக்கும் ஹெர்பிஸ் வைரஸ் எச்சிலில் இருக்கலாம். கண்ணுக்குப் பக்கத்தில் அது வந்தால் விளையாட்டல்ல!

வீட்டில் குழந்தை சொம்பில் வாய் வைத்துக் குடித்தால், "எச்சில் பண்ணாதே, அண்ணாந்து குடி" என்று அதட்டுகிறோம். அதே நாம், முன்பின் தெரியாத ஒருவர் கடித்த நூலை நம் முகத்தில் இழுக்கச் சொல்லிக் காசும் கொடுத்துவிட்டு வருகிறோம். இது எந்த ஊர் நியாயம்?

சித்த வைத்தியர் என்றால் அலங்காரத்துக்கு எதிரி என்று நினைத்துவிடாதீர்கள். என் மகளும் புருவம் திருத்திக்கொள்கிறவள்தான். பார்லர் பெண்களையும் நான் குறை சொல்லவில்லை. கற்றுக்கொடுத்தவர் செய்ததைத்தான் அவர்களும் செய்கிறார்கள். நாள் முழுக்க நூலைக் கடித்து இழுப்பதில் தேய்வது அவர்கள் முன்பல்தானே! நூலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு செய்யும் முறை இருக்கிறது. இரண்டு கைகளாலேயே செய்கிறவர்களும் இருக்கிறார்கள். நாம் கேட்டால்தான் அவர்கள் மாறுவார்கள்.

அடுத்த முறை போகும்போது இவற்றைக் கவனியுங்கள்:

* உங்கள் கண் முன்னால் நூல்கண்டிலிருந்து புது நூல் வெட்டச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் அது குப்பைக்கூடைக்குப் போக வேண்டும்.

* அவர் கையை சோப்பு போட்டுக் கழுவட்டும். நீங்களும் முகம் கழுவிவிட்டு உட்காருங்கள்.

* புருவத்தருகே பரு, புண், மரு இருந்தால் அது ஆறும்வரை த்ரெடிங் வேண்டாம்.

* முடிந்ததும் குளிர்ந்த நீரால் ஒற்றிக்கொள்ளுங்கள். சோற்றுக்கற்றாழையின் தோலைச் சீவி, மஞ்சள் பால் போக ஏழு முறை கழுவி, உள்ளிருக்கும் சோற்றைக் கண்ணில் படாமல் தடவலாம். அன்று பவுடர், கிரீம் வேண்டாம்.

* நீங்கள் எடுக்காமலே புருவத்தின் வெளிப்பக்கம் உதிர்கிறதா? பென்சிலால் வரைந்து மறைக்காதீர்கள். தைராய்டு குறைவாகச் சுரந்தாலும் அப்படி ஆகும். டாக்டரிடம் காட்டுங்கள்.

ஒரு எச்சரிக்கை. மருவுக்கு அம்மான் பச்சரிசிப் பால் வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. காலிலோ கையிலோ என்றால் சரி. கண்ணருகே வேண்டவே வேண்டாம். அந்தப் பால் கண்ணில் பட்டால் கண் புண்ணாகிவிடும். அதனால்தான் அந்தப் பெண்ணை நானே தோல் டாக்டரிடம் அனுப்பிவைத்தேன்.

கல்யாணத்துக்கு நானும் போயிருந்தேன். மரு போய்விட்டிருந்தது. தழும்பு மட்டும் லேசாகத் தெரிந்தது. மணப்பெண் என்னைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "சார், இந்தத் தடவை கழுத்துல நூல் மாட்டித்தான் பண்ணச் சொன்னேன். அந்த அக்கா உடனே சரின்னுட்டாங்க!"

கேட்டால் செய்கிறார்கள், பார்த்தீர்களா? கூச்சப்படாமல் கேளுங்கள்.