இரவு இரண்டு மணிக்கு வைத்தியசாலையில் நிற்பவர் யார்?

எமது ஊர்களில் வைத்தியசாலைப் பிரச்சினை என்றால் பெரும்பாலும் அது கட்டடப் பிரச்சினைதான். மாடிக் கட்டடம் வேண்டும், அம்புலன்ஸ் வேண்டும், ஸ்கேன் இயந்திரம் வேண்டும், கட்டில்கள் போதாது. பாராளுமன்ற உறுப்பினரிடம் பள்ளிவாசல் சம்மேளனங்கள் கையளிக்கும் மகஜர்களில் இவைதான் இருக்கும். வெளிநாட்டிலுள்ள சகோதரர்கள் பணம் சேர்த்து அனுப்புவதும் இவற்றுக்கே. இவை தேவையில்லை என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆனால் இரவு இரண்டு மணிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரும் ஒருவரை முதலில் பார்க்கும் வைத்தியர், அந்த வேலைக்கென்று எங்கே, யாரிடம் பயிற்சி பெற்றார் என்ற கேள்வியை எந்த மகஜரிலும் நான் கண்டதில்லை.

சில வருடங்களுக்கு முன்னர் ஒரு ரமழான் இரவில், தராவீஹ் தொழுதுவிட்டு வந்த என் வாப்பா மேல்வயிறு எரிவதாகச் சொன்னார். நோன்பு துறக்கும்போது சாப்பிட்ட பொரியல்தான் காரணம், 'கேஸ்ட்ரைட்டிஸ்' என்று வீட்டில் எல்லோரும் தீர்ப்பு வழங்கிவிட்டோம். வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவில் இருந்த இளம் வைத்தியரும் அதையே நினைத்து மருந்து எழுதினார். ஒரு மணித்தியாலம் கழித்து, வாப்பாவின் முகத்தில் வியர்வையைக் கண்ட வயதான தாதி ஒருவர் வற்புறுத்திய பிறகே ஈ.சி.ஜி. எடுக்கப்பட்டது. மாரடைப்பு. அல்ஹம்துலில்லாஹ், வாப்பா பிழைத்துக்கொண்டார்.

பிறகு அந்த வைத்தியரிடம் பேசக் கிடைத்தது. கோபத்தோடுதான் போனேன். அவர் உள்ளகப் பயிற்சியை சத்திரசிகிச்சை விடுதியிலும் மகப்பேற்று விடுதியிலும் முடித்துவிட்டு வந்து மூன்றாவது வாரம். அன்றிரவு அந்தப் பிரிவில் அவர் மட்டும்தான். கோபத்தை யார் மீது காட்டுவது என்று தெரியாமல் திரும்பி வந்தேன்.

இது ஒரு தனிமனிதரின் தவறு அல்ல. எமது நாட்டில் மருத்துவப் பட்டம் பெறும் ஒருவர் ஒரு வருடம் உள்ளகப் பயிற்சி பெறுகிறார். பொது மருத்துவம், சத்திரசிகிச்சை, குழந்தை மருத்துவம், மகப்பேறு போன்ற துறைகளில் இரண்டில், ஆறு ஆறு மாதங்கள். அதன் பிறகு வரும் நியமனம் ஓர் ஆதார வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவாக இருக்கலாம். மகப்பேற்று விடுதியில் ஆறு மாதம் கழித்தவர் அடுத்த மாதம் விபத்தில் நசுங்கிய காலையும், மூச்சுத் திணறும் குழந்தையையும், பாம்பு கடித்த விவசாயியையும் ஒரே இரவில் பார்க்க வேண்டும். சில இடங்களில் குறுகிய பயிற்சிகள் வழங்கப்படுகின்றன என்பது உண்மையே. அவையும் அங்குள்ள பொறுப்பாளரின் ஆர்வத்தைப் பொறுத்தவை.

1990 'சுவசெரிய' அம்புலன்ஸ் சேவையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். இந்திய நன்கொடையில் 2016ஆம் ஆண்டு மேல், தென் மாகாணங்களில் 88 வண்டிகளோடு ஆரம்பித்து, பின்னர் நாடு முழுவதற்கும் விரிந்த சேவை அது. அந்த வண்டியில் வரும் உதவியாளர், அவசர சிகிச்சைக்கென்றே பயிற்சி பெற்ற பின்னர்தான் முதல் நோயாளியைத் தொடுகிறார். அவர் நோயாளியை ஒப்படைக்கும் வைத்தியருக்கோ அப்படியொரு பயிற்சி கட்டாயமில்லை. இந்த முரண் எவருக்கும் உறுத்துவதாகத் தெரியவில்லை.

அவசர மருத்துவம் என்பது தனித்துறை என்பதை உலகமும் தாமதமாகவே ஏற்றுக்கொண்டது. அமெரிக்காவின் சின்சினாட்டியில் 1970இல்தான் இத்துறைக்கான முதலாவது வதிவிடப் பயிற்சி ஆரம்பமானது. இந்தியா 2009இல் இதனை அங்கீகரித்தது. எமது நாட்டில் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகம் கடந்த தசாப்தத்தில் இதற்கென எம்.டி. பயிற்சியை ஆரம்பித்தது.

அங்கே கற்பிக்கப்படுவது ஏனைய துறைகளிலிருந்து சற்று வேறானது. விடுதி வைத்தியர் 'இவருக்கு என்ன நோய்?' என்று கேட்பார். அவசர மருத்துவர் 'இவரை அடுத்த ஒரு மணித்தியாலத்தில் கொல்லக்கூடியது எது?' என்று கேட்கப் பழகுகிறார். நெஞ்சுவலி என்று வந்தால் 10 நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி., மாரடைப்பு உறுதியானால் 30 நிமிடத்துக்குள் இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி, பக்கவாதம் என்றால் நாலரை மணித்தியாலத்துக்குள் சிகிச்சை என்பவை சர்வதேச இலக்குகள். இவற்றைப் புத்தகத்தில் யாரும் படிக்கலாம். பத்து பேர் கத்திக்கொண்டிருக்கும் அறையில், முதலில் யாரைத் தொடுவது என்று தீர்மானிப்பதைப் புத்தகம் கற்றுத்தராது. மூத்தவர் ஒருவர் பக்கத்தில் நின்று, நூறு இரவுகள் பார்த்துத் திருத்தினால்தான் அது வரும்.

2021 நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் இழுவைப் படகு கவிழ்ந்து, பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகள் உட்பட பலர் உயிரிழந்தனர். மீட்கப்பட்டவர்கள் முதலில் கொண்டு செல்லப்பட்டது கிண்ணியா தள வைத்தியசாலைக்கு. அன்று கடமையில் இருந்தவர்களைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. ஒரே நேரத்தில் நீரில் மூழ்கிய பலர் வந்து இறங்கும் நிலைமை கொழும்புக்கு மட்டும் உரியதல்ல, எமது சிறிய ஊர் வைத்தியசாலைகளுக்கும் நேரும் என்பதற்காகவே இதை நினைவூட்டுகிறேன்.

சரி, பயிற்சி ஆரம்பித்துவிட்டதே, நிபுணர்கள் வந்துவிடுவார்களே என்று கேட்கலாம். இங்கேதான் சிக்கல். எம்.டி. பரீட்சையில் தேறியவர் முழுமையான விசேட நிபுணராக வேண்டுமானால் வெளிநாட்டிலும் ஒரு காலம் பயிற்சி பெற வேண்டும். பெரும்பாலும் பிரித்தானியா, அல்லது அவுஸ்திரேலியா. நல்ல நோக்கத்தில் வைக்கப்பட்ட நிபந்தனை அது; புதிய துறைக்கு ஆசிரியர்கள் இல்லாத காலத்தில் அது அவசியமாகவும் இருந்தது. ஆனால் 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் அந்தப் பயணம் பலருக்கு ஒருவழிப் பயணமாகிவிட்டது. அந்நாடுகளிலும் அவசர பிரிவுகளுக்கு ஆள் பற்றாக்குறைதான். எமது வரிப்பணத்தில் உருவான, அனுபவமுள்ள, ஆங்கிலம் தெரிந்த வைத்தியரை அவர்கள் ஏன் விடப்போகிறார்கள்? அவரைத் துரோகி என்பதும் நியாயமில்லை. இங்கு அவருக்குக் கிடைப்பது அரைகுறை மருந்து விநியோகம், ஓய்வில்லாத இரவு, சில வேளைகளில் நோயாளியின் உறவினர்களிடமிருந்து அடி.

இன்னொன்றும் உண்டு. லண்டனில் கண்ணாடி விரியன் கடிக்காது. அம்பாறை வயல்வெளியில் கடிக்கும். எமது நாட்டில் பயன்படுத்தப்படும் விஷமுறிவு மருந்து இந்தியாவிலிருந்து வருவது. அந்த மருந்தே பலருக்குக் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கும். அதற்கு முன்னதாகச் சிறிதளவு அட்ரினலின் கொடுத்தால் கடும் ஒவ்வாமை குறைகிறது என்பதைக் கண்டறிந்து 2011இல் வெளியிட்டவர்கள் வெள்ளைக்காரர்கள் மட்டுமல்ல. இலங்கை வைத்தியசாலைகளில், இலங்கை வைத்தியர்கள் நடத்திய ஆய்வு அது. பூச்சிகொல்லி நஞ்சு, டெங்கு அதிர்ச்சி, பாம்புக்கடி ஆகியவற்றைப் பொறுத்தவரை பயிற்சிக் களம் இங்கேதான் இருக்கிறது. ஆகவே வெளிநாட்டுக் காலத்தைச் சுருக்கி, பயிலுநர்களைக் கிழக்கிலும் புத்தளத்திலும் உள்ள ஆதார வைத்தியசாலைகளுக்குச் சில மாதங்கள் சுழற்சி முறையில் அனுப்புவது பற்றிச் சுகாதார அமைச்சும் நிறுவகமும் யோசிக்க வேண்டும். பயிலுநர் ஒருவர் வரும்போது அவருக்குக் கற்பிக்க ஒரு நிபுணரும் வந்தாக வேண்டும். அப்போது அங்குள்ள சாதாரண வைத்திய அதிகாரிகளும் தாதியரும் கூடவே கற்றுக்கொள்வார்கள்.

மொழியையும் இதிலிருந்து பிரிக்க முடியாது. அவசர பிரிவில் பாதி நோயறிதல் கேள்வியில் இருக்கிறது. வலி எப்போது தொடங்கியது, எங்கே பரவுகிறது, என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள்? தமிழ் தெரியாத வைத்தியருக்கும் சிங்களம் தெரியாத உம்மாவுக்கும் இடையில் துப்புரவுப் பணியாளர் மொழிபெயர்க்கும் காட்சியைப் பார்க்காதவர் எம்மில் குறைவு. ஈ.சி.ஜி.க்காக ஆடையை விலக்கச் சொன்னால் தயங்கும் பெண்ணுக்கு ஒரு திரையை இழுத்துவிட்டு, ஒரு பெண் தாதியை அழைப்பதற்கு அரை நிமிடம் போதும். அதுவும் பயிற்சியில் சேர வேண்டிய விடயமே. அந்த அரை நிமிடம் கிடைக்காது என்று பயந்து விடியும்வரை வீட்டிலேயே வலியைத் தாங்கும் பெண்கள் இருக்கிறார்கள்.

எம் பக்கத்துப் பிழையையும் சொல்லாமல் விட முடியாது. ஒரு நோயாளியோடு இருபது பேர் உள்ளே நுழைகிறோம். வரிசையில் முந்துவதற்கு அரசியல்வாதிக்கு அழைப்பு எடுக்கிறோம். கூடுதல் ஆபத்தில் இருப்பவரை முதலில் பார்க்கும் ஒழுங்கை அந்த ஓர் அழைப்பு குலைத்துவிடுகிறது.

அடுத்த முறை வைத்தியசாலை அபிவிருத்திக் குழு கூடும்போது, கட்டில்களின் பட்டியலோடு இந்தக் கேள்விகளையும் வைக்கலாம். எமது அவசர பிரிவில் புதிதாகக் கடமையேற்கும் வைத்தியருக்கு முதல் இரண்டு வாரங்களில் பக்கத்தில் நிற்பது யார்? இரவில் அவர் தொலைபேசியில் கேட்கக்கூடிய நிபுணர் எந்த வைத்தியசாலையில் இருக்கிறார்? செயற்கைச் சுவாசப் பயிற்சிக்கான பொம்மை ஒன்று இருக்கிறதா, கடைசியாக அது எப்போது அலுமாரியிலிருந்து வெளியே எடுக்கப்பட்டது? ஒரு கட்டிலுக்குச் சேர்க்கும் பணத்தில் அந்தப் பொம்மையை வாங்கிவிடலாம்.