பந்து பட்டால் சொல்ல வேண்டும்

சகோதரிகளே, இந்த முறை அடுப்படியை விட்டு வெளியே வந்து பள்ளிக்கூட மைதானத்தில் கொஞ்ச நேரம் நிற்போமா?

2025 நவம்பர், டிசம்பரில் சென்னையிலும் மதுரையிலும் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி நடந்ததல்லவா? 24 நாட்டு இளைஞர்கள் வந்து ஆடினார்கள். நம் பிள்ளைகள் மூன்றாவதாக வந்தார்கள். அதை டி.வி.யில் பார்த்த நாளிலிருந்து மார்க்கையன்கோட்டையில் எங்கள் வீட்டுக்குள்ளும் ஹாக்கி மட்டை நுழைந்துவிட்டது. எட்டாவது படிக்கும் மகன் சாயங்காலமானால் மட்டையும் கையுமாகக் கிளம்பிவிடுவான். "ஹாக்கின்னா கோவில்பட்டிதான்னு பேரு. அந்தக் காத்து நம்ம பக்கமும் அடிக்கட்டுமே" என்று அவன் அப்பாவுக்கும் சந்தோஷம்.

ஒரு சனிக்கிழமை பக்கத்து ஊர்ப் பிள்ளைகளோடு போட்டி. நானும் மதினியும் பார்க்கப் போனோம். ஆட்டம் சூடு பிடித்ததும், மறைப்பானேன், நானும் மற்றவர்களோடு சேர்ந்து "விடாதடா, அடிச்சுப் பிடுங்கு!" என்று கத்தினேன். எதிர்ப்பக்கத்துப் பையன் ஒருவன் விழுந்து, காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். எங்கள் கூட்டத்தில் யாரோ, "பொட்டப்புள்ள மாதிரி அழுகுறான் பாரு" என்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன்.

சிறிது நேரத்தில் யாரோ ஓங்கிய மட்டை என் மகனின் தலையில் பக்கவாட்டில் பட்டது. விழுந்தவன் தடவிக்கொண்டே எழுந்து மறுபடி ஓடினான். ஆட்டம் முடிந்து, "வலிக்குதாய்யா?" என்றேன். "ஒண்ணுமில்லம்மா" என்றான். நானும் விட்டுவிட்டேன். ராத்திரி சோறு வேண்டாமென்று படுத்தவன் இரண்டு தரம் வாந்தி எடுத்தான். கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்டான். எனக்கு ஈரக்குலை நடுங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். தெய்வாதீனமாக உள்ளே ரத்தக் கசிவு இல்லை. மூளைக்கு அதிர்ச்சிதான் என்றார் டாக்டரம்மா. "பட்டதுமே ஏம்ப்பா வெளியே வந்து உக்காரல?" என்று கேட்டார். அவன் என்னைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "உக்காந்தா என்னையும் பொட்டப்புள்ளன்னு சிரிப்பாங்க. எங்கம்மாவும் சிரிச்சாங்க."

மட்டை அடி அவனுக்கு. இந்த அடி எனக்கு. சிரித்த நானும் ஒரு பெண்தானே!

டாக்டரம்மா சொன்னதை எல்லாத் தாய்மாரும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். தலையில் அடிபட்டபின் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், மறதி, தடுமாற்றம், இவற்றில் எது தெரிந்தாலும் அன்றைக்கு ஆட்டம் அத்தோடு சரி. மயக்கம் போட்டால்தான் ஆபத்து என்பதில்லை. முதல் அடி ஆறுவதற்குள் இரண்டாவது அடி பட்டால் அபூர்வமாக உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே டாக்டர் சரியென்று சொன்ன பிறகுதான் மறுபடி மைதானம். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, எழுப்பினாலும் எழாத தூக்கம் இருந்தால் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஹாக்கிப் பந்து லேசுப்பட்டதல்ல. 156 முதல் 163 கிராம் எடை; கல் மாதிரி இருக்கும். காலுக்கு ஷின் கார்டு, பல்லுக்கு மவுத் கார்டு இல்லாமல் பிள்ளையை அனுப்பாதீர்கள். கோல் கீப்பருக்கு ஹெல்மெட் கட்டாயம். பெனால்டி கார்னரைத் தடுக்க நிற்பவர்கள் முகமூடி போட்டுக்கொள்வதை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். அதையெல்லாம் மீறி நிலைப்பல் விழுந்துவிட்டால், வேர்ப்பக்கம் தொடாமல் எடுத்து, தேய்க்காமல், ஒரு டம்ளர் பாலில் போட்டு, ஒரு மணி நேரத்துக்குள் பல் டாக்டரிடம் ஓடுங்கள். திரும்பப் பொருந்த வாய்ப்புண்டு. பால்பல்லுக்கு இது பொருந்தாது.

ஆனால் எத்தனை கவசம் போட்டாலும், "எனக்கு வலிக்குது" என்று சொல்லப் பயப்படும் பிள்ளையை எந்தக் கவசமும் காப்பாற்றாது. கேலிக்குப் பயந்துதான் பிள்ளைகள் அடியை மறைக்கிறார்கள். அந்தக் கேலி பெரும்பாலும் பெரியவர்களான நம் வாயிலிருந்துதான் புறப்படுகிறது.

ஆட்டத்தில் முரட்டுத்தனம் செய்தாலும், வாய் நீண்டாலும் நடுவர் அட்டை காட்டுவார். பச்சை அட்டைக்கு 2 நிமிஷம் வெளியே. மஞ்சளுக்குக் குறைந்தது 5 நிமிஷம். சிவப்பு என்றால் அன்றைக்கு ஆட்டமே கிடையாது. கோட்டுக்கு வெளியே நின்று கத்தும் நமக்கு யார் அட்டை காட்டுவது? நாமேதான் காட்டிக்கொள்ள வேண்டும். 2025 அக்டோபரில் மலேசியாவின் ஜோகூரில் இந்தியப் பையன்களும் பாகிஸ்தான் பையன்களும் ஆட்டத்துக்கு முன் கையோடு கை தட்டிக்கொண்டார்கள். இரண்டு நாட்டுக்கும் அவ்வளவு மனக்கசப்பு இருந்த நேரம் அது. பக்கத்து ஊர்ப் பிள்ளையிடம் நமக்கென்ன பகை?

பயிற்சி கொடுப்பவர் பிள்ளையை அடித்தாலோ, நாலு பேர் முன்னால் அவமானப்படுத்தினாலோ, "சார் நல்லதுக்குத்தான் செய்வார்" என்று விட்டுவிடாதீர்கள். தலைமை ஆசிரியரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். குழந்தைகளுக்கான 1098 எண்ணும் இருக்கிறது.

டாக்டரம்மா அனுமதி கொடுத்த பிறகு மகன் மறுபடி ஆடப் போகிறான். இப்போதெல்லாம் போட்டியென்றால் ஒரு தூக்கு நிறைய மோர் கொண்டு போகிறேன், இரண்டு பக்கத்துப் பிள்ளைகளுக்கும் சேர்த்து. போன வாரம் ஆட்டத்தின் நடுவில் கையைத் தூக்கினான். "முட்டியில பட்டுருச்சும்மா, வலிக்குது" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

யாரும் சிரிக்கவில்லை. நான் ஒரு டம்ளர் மோரை ஊற்றி அவன் கையில் கொடுத்தேன்.