தபாலில் போகும் கண்ணாடி

கண்ணாடிச் சாமானைத் தபாலில் அனுப்புகிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. முதல் ரகத்தார், சாமானைப் பழைய வேஷ்டியில் சுற்றிப் பெட்டியில் போட்டு, மேலே 'கண்ணாடி! ஜாக்கிரதை!' என்று சிவப்பு மையில் எழுதி, மற்றப் பொறுப்பைப் பகவானிடம் ஒப்படைத்து விடுவார்கள். இரண்டாவது ரகத்தார், காகிதத்தையும் துணியையும் திணித்துத் திணித்து, பெட்டி வெடிக்கும் தறுவாய்க்கு வந்த பிறகே திருப்தி அடைவார்கள். சாமான் போய்ச் சேருகிற நிலைமையில் இவ்விரு சாராருக்கும் அதிக வித்தியாசம் இருப்பதில்லை.

உடைவது கடையில் வாங்கிய தம்ளராக இருந்தால் பாதகமில்லை. ஆனால் இந்நாளில் பழைய வீடுகள் விலையாகின்றன. உடன்பிறந்தவர்கள் ஆளுக்கொரு ஊரில் இருக்கிறார்கள். கூடத்தில் தொங்கிய ரசகுண்டு டில்லிக்கும், பூஜை அறையில் இருந்த தஞ்சாவூர்க் கண்ணாடிப் படம் பெங்களூருக்கும் பிரயாணப்படுகின்றன. உடைந்தால் நஷ்ட ஈடாகப் பணம் கிடைத்தாலும் கிடைக்கலாம், ரசகுண்டு கிடைக்காது. ஆகையால் இவ்வாரம் கட்டுகிற விஷயத்தையே எடுத்துக்கொள்வோம்.

இவ்விஷயத்தில் நமக்கு ஆசான்கள் என்று சொல்லத் தக்கவர்கள் ஜெர்மனியில் டிரெஸ்டன் நகருக்கு அருகே வாழ்ந்த லியோபோல்ட் பிளாஷ்காவும் அவருடைய புதல்வர் ருடால்பும். செடி கொடிகளையும் பூக்களையும் அசல் போலவே கண்ணாடியில் செய்தவர்கள் அவர்கள். மகரந்தத் தாள் கூடத் தவறாது! 1886-ல் ஹார்வர்ட் சர்வகலாசாலைத் தாவர சாஸ்திரப் பேராசிரியர் குடேல் அவர்களைத் தேடிச் சென்று, சில மாதிரிகளை அனுப்பச் சம்மதிக்க வைத்தார். மாதிரிகள் கடலைக் கடந்து பத்திரமாகத்தான் வந்தன. நியூயார்க் சுங்கச் சாவடியில் சோதனைக்காகப் பெட்டியைப் பிரித்தார்கள். பூக்கள் நொறுங்கிப் போயின. நொறுங்கிய துண்டுகளின் அழகே போதுமானதாக இருந்தபடியால், மேற்கொண்டு செய்யச் சொன்னார்கள். 1936 வரையில் ஏறக்குறைய ஐம்பது வருஷ காலம் அந்த வேலை நடந்தது. இன்று அந்தச் சேகரிப்பில் சுமார் 4,300 மாதிரிகள் இருக்கின்றன.

அவை எப்படிக் கட்டி அனுப்பப்பட்டன என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொரு மாதிரியையும் மெல்லிய கம்பியால் அட்டையில் அசையாமல் பிணைத்து, அந்த அட்டையை ஒரு பெட்டியில் வைத்தார்கள். அந்தப் பெட்டியை இன்னும் பெரிய மரப் பெட்டியில் வைத்து, இடையில் வைக்கோல் பரப்பினார்கள். உள்ளே அசைவு கிடையாது, வெளியே மெத்தை. கலை முழுவதும் இவ்வளவுதான்.

ஏன் என்பதற்குப் பௌதிகம் பதில் சொல்லும். கண்ணாடி விழுவதனால் உடைவதில்லை. சடக்கென்று நிற்பதனால் உடைகிறது. ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் சாமான் ஒரு சென்டிமீட்டர் தூரத்துக்குள் நின்றுவிட்டால், அதன் மேல் வரும் தாக்குதல் சராசரியில் அதன் எடையைப் போல் சுமார் நூறு மடங்கு. அதே சாமான் ஐந்து சென்டிமீட்டர் அமுங்கி நின்றால், சுமார் இருபது மடங்கோடு போயிற்று. திணித்துத் திணித்துக் கட்டுகிறவர்கள் செய்யும் தவறு இப்போது விளங்கும். அமுங்குவதற்கு அங்கே இடமே இல்லை! கெட்டியாகிவிட்ட காகிதத்துக்கும் செங்கல்லுக்கும் பேதம் சொற்பம்.

ஆகவே, முதலில் சாமானை மெல்லிய வெள்ளைக் காகிதத்தில் சுற்றுங்கள். செய்தித்தாள் வேண்டாம்; அதன் மை கில்ட் வேலையில் ஒட்டிக்கொள்ளும். மூடி இருந்தால் தனியாகச் சுற்ற வேண்டும். மூடியை அதனிடத்திலேயே வைத்துக் கட்டுவது, சண்டைக்காரர் இருவரை ஒரே கட்டிலில் படுக்க வைப்பது போலாகும். கூஜா, ஜாடி முதலியவற்றின் உட்புறத்தைக் கசக்கிய காகிதத்தால் லேசாக நிரப்பலாம். பிறகு குமிழித்தாள். கடையில் 'பபிள் ராப்' என்று கேட்டால் கொடுப்பார்கள். 1957-ல் அமெரிக்காவில் இருவர் சுவரில் ஒட்டும் அலங்காரத் தாள் செய்யப் போய், அது இதுவாக முடிந்ததாம்! கைப்பிடி, மூக்கு போன்ற நீட்டிய பாகங்களைச் சுற்றி அதிகமாகவே வைக்க வேண்டும்.

இதைச் சிறு பெட்டியில் அசையாமல் பொருத்தி, அப்பெட்டியை ஆறு பக்கமும் ஐந்து சென்டிமீட்டர் மெத்தை இருக்கும்படி பெரிய பெட்டியில் வையுங்கள். அடிப்பக்கத்தை மறந்துவிடுகிறவர்களே அதிகம். மெத்தை, கையால் அமுக்கினால் இறங்கிக் கையை எடுத்தால் எழும்ப வேண்டும். மூடிய பின் குலுக்கிப் பாருங்கள். 'கடகட' என்றால் மறுபடி பிரித்துக் கட்டத்தான் வேண்டும், சோம்பல் கூடாது.

'ஜாக்கிரதை' எழுதுவதை நாம் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் ஆயிரம் மூட்டைகளுக்கு நடுவே வேகமாக வேலை செய்யும் தபால்காரர் ஒவ்வொன்றையும் படிப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. எழுதாத பெட்டியும் பிழைக்கும்படி கட்டிவிட்டு, அப்புறம் எழுதுங்கள்.

தஞ்சாவூர்க் கண்ணாடிப் படத்தின் சங்கதி வேறு. அதில் சித்திரம் கண்ணாடியின் பின்புறத்தில் தீட்டப்பட்டிருக்கிறது. பழைய படங்களில் அந்த வர்ணம் பொருக்குப் பொருக்காக விடுவதுண்டு. வர்ணம் உள்ள பக்கத்தில் டேப்போ பிளாஸ்டிக் தாளோ படவே கூடாது. உதிரத் தொடங்கிய படத்தைத் தபாலில் அனுப்ப வேண்டாம். யாராவது ஊருக்குப் போகும்போது கையோடு கொண்டு போகட்டும். இது அதிகப்படியான எச்சரிக்கை என்று தோன்றினால், ஹார்வர்ட்காரர்களைக் கேளுங்கள். 1976-ல் சில கண்ணாடிப் பூக்களை நியூயார்க் கண்காட்சிக்கு அனுப்ப நேர்ந்தபோது, குலுங்காமல் போகக்கூடியது எது என்று தேடி, சவ வண்டிகள் இரண்டை அமர்த்தினார்களாம்!

அந்தச் சுங்கச் சாவடிச் சம்பவத்தை மட்டும் மறக்க வேண்டாம். பெட்டியைப் பிரிக்கப் போகிறவர் கட்டியவர் அல்லர். டேப்பின் நுனியைச் சிறிது மடித்து விட்டால் கத்திக்கு வேலையிராது. உள்ளே மேலாக ஒரு சீட்டு வைத்து, விலாசத்தையும், எத்தனை உருப்படி என்பதையும், மூடி தனியே இருக்கிறது என்பதையும் எழுதுங்கள். எண்ணிக்கை சரியாகும் வரையில் ஒரு காகிதத்தையும் குப்பைக்கு அனுப்ப வேண்டாம் என்பதைக் கொட்டை எழுத்தில் எழுதுங்கள்.