ரிப்போர்ட்டைப் பார்த்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்



கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன். காய்ச்சலில் பிதற்றிய ஒரு பிள்ளையின் எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. யார் பிள்ளை என்று நான் சொல்லப்போவதில்லை. அதில் ‘லீஷன்’ என்ற சொல்லைப் பார்த்ததும், "மூளையில் புண்ணாம், இனிப் படிப்பு ஏறாதாம்" என்று ஆளுக்கொரு தீர்ப்பு!

லீஷன் என்றால் அழுகிய புண் என்று அர்த்தமில்லை. இயல்பிலிருந்து மாறித் தெரியும் பகுதி, அவ்வளவுதான். மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்பிழைக் கட்டுக்குக் கார்பஸ் கலோசம் என்று பெயர். அதன் பின்முனை ஸ்பிளீனியம். இன்ஃபுளுவென்சா, ரோட்டா வைரஸ், டெங்கு போன்ற தொற்றுகளின்போது சிலருக்கு அங்கே தற்காலிக மாற்றம் ஏற்பட்டு, படத்தில் வெள்ளையாகத் தெரியும். 2004இல் ஜப்பானிய மருத்துவர்கள் இப்படிப்பட்ட 15 பேரைப் பற்றி எழுதினார்கள். அத்தனை பேரும் ஒரு மாதத்துக்குள் முழுமையாகக் குணமானார்கள். மறுபடி எடுத்த படத்தில் அந்த வெள்ளையும் மறைந்திருந்தது. இதைச் சுருக்கமாக ‘மெர்ஸ்’ என்பார்கள். ஒட்டகத்திலிருந்து பரவும் மெர்ஸ் வைரஸ் வேறு. அதைத் தேடிப் படித்துவிட்டு இன்னொரு பீதியைக் கிளப்பாதீர்கள்.

"தானாகச் சரியாகும் என்றால் டாக்டர் எதற்கு?" என்றும் கேட்காதீர்கள். காய்ச்சலோடு பிதற்றல், குழப்பம், வலிப்பு எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். உடலில் சோடியம் குறைந்தாலும், வலிப்பு மாத்திரையைச் சட்டென நிறுத்தினாலும் அதே இடம் வெள்ளையாகத் தெரியலாம். மூளைக்காய்ச்சல் எல்லாமே இப்படி லேசானதும் அல்ல. எது எது என்று பிரித்துச் சொல்வது மருத்துவரின் வேலை. பெரியப்பா, சித்தியின் வேலை அல்ல.

என் கவலை அதற்குப் பிறகு நடப்பதைப் பற்றி. பிள்ளை குணமாகிப் பள்ளிக்கு வருகிறான். "மூளைக்காய்ச்சல் வந்தவன்" என்ற பட்டம் அவனுக்கு முன்பே வகுப்புக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. அவனிடம் கேள்வி கேட்பதில்லை, விளையாட விடுவதில்லை. ஒரு கணக்குத் தப்பானால் போதும், "பாவம், அவனால் முடியாது" என்கிறோம். நாலு மாதம் இப்படியே நடத்தினால் எந்தப் பிள்ளைதான் மந்தமாகாது?

என் மாணவர்களில் எத்தனையோ பேர் இன்று ஆசிரியர்கள். உங்களிடம் உரிமையோடு சொல்கிறேன்: மருத்துவர் சரி என்று சொன்ன பிள்ளையிடம் மற்றவர்களிடம் கேட்பதுபோலவே கேள்வி கேளுங்கள். உறவுகளே, அந்த ரிப்போர்ட்டை இப்போதே அழித்துவிடுங்கள்.