கழன்ற கேப்பும் கடையில் இல்லாத சிமெண்டும்

பொங்கலுக்குக் கரும்பைக் கடித்தவர் பல்லின் கேப் கழன்று கரும்புச் சக்கையோடு வெளியே வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பல் டாக்டரின் கிளினிக் ஷட்டரில் நாலு நாள் விடுமுறை என்று அட்டை தொங்குகிறது. மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரை உண்டு. பல்செட்டை ஈறில் நிறுத்தும் பவுடர்கூட உண்டு. கழன்ற கேப்பை ஒட்ட ஏதாவது இருக்கிறதா என்று கேட்டால் கையை விரிக்கிறார்கள். எதிர்ப் பெட்டிக்கடையிலோ, நொடியில் ஒட்டும் பசை சரம் சரமாகத் தொங்குகிறது. செருப்பை ஒட்டுவது பல்லை ஒட்டாதா?

ஒட்டும். வம்பே அதில்தான் இருக்கிறது. அந்தப் பசையில் உள்ள சயனோஅக்ரிலேட் ஈரம் பட்டதும் இறுகிவிடும். வாயில் ஈரத்துக்கா பஞ்சம்? கேப் இடத்தில் உட்காரும் முன்பே கோணலாகப் பிடித்துக்கொண்டால், பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் கொடுத்துப் போட்ட கேப் பாழ். ஈறு வெந்து புண்ணானால் அது தனிக் கதை.

கேப்பைச் சில நாள் தாங்கிப் பிடிக்கும் தற்காலிக சிமெண்ட், தமிழில் அச்சிட்ட செய்முறையோடு மருந்துக்கடையில் கிடைக்க வேண்டும். நிரந்தரமாக ஒட்டும் சிமெண்ட் பல் மருத்துவரைத் தவிர வேறு யார் கைக்கும் போகக் கூடாது. இது நம் கருத்து. நாட்டு நடப்போ தலைகீழ். தற்காலிக சிமெண்ட் தெருமுனைக் கடையில் இல்லை. நிரந்தர சிமெண்டை இணையக் கடைகளில் வீட்டு முகவரிக்கே வரவழைக்க முடிகிறது. பெட்டியில் ‘பல் மருத்துவர் பயன்பாட்டுக்கு மட்டும்’ என்று அச்சிட்டிருக்கும். ஆர்டர் போடுபவர் பல் மருத்துவர்தானா என்று கேட்கத்தான் ஆளில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. மருத்துவக் கருவிகள் விதிகள் 2017-இல் வந்தன. 2020 ஏப்ரல் 1 முதல் பல் சிமெண்ட் உட்பட எல்லா மருத்துவக் கருவிகளும் மருந்து என்ற வரையறைக்குள் வந்துவிட்டன. 2022-இல் செய்த திருத்தம் விற்பவருக்கும் பதிவுச் சான்றிதழைக் கட்டாயமாக்கியது. விற்பவரை இத்தனை தூரம் விசாரிக்கும் அரசு, நிரந்தர சிமெண்ட் விஷயத்திலாவது வாங்குபவரையும் விசாரிக்கச் சொன்னால் என்ன?

நிரந்தர சிமெண்டில் அப்படி என்ன வித்தை என்று கேட்பவர்கள், அதைக் குழைப்பதை ஒருமுறை பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். இன்று கேப் ஒட்டப் பரவலாகப் பயன்படும் கிளாஸ் அயனோமர், 1969-இல் லண்டனில் அரசு வேதியியல் ஆய்வகத்தில் வில்சன், கென்ட் என்ற இருவர் உருவாக்கியது. ஒரு பக்கம் கண்ணாடித் தூள், மறுபக்கம் அமிலக் கரைசல். அளவு பார்த்து எடுத்து, அரை நிமிடம்போலக் குழைத்து, பளபளப்பு இருக்கும்போதே கேப்பில் தடவி உட்கார வைக்க வேண்டும். பளபளப்பு மங்கிவிட்டால் அது பல்லைப் பிடிக்காது. கேப்புக்கும் பல்லுக்கும் நடுவே நிற்கும் படலம் 25 மைக்ரானைத் தாண்டக் கூடாது என்பது சர்வதேசத் தரம், தலைமுடியைவிட மெல்லியது. கொஞ்சம் தடித்தாலும் கேப் உயர்ந்து நிற்கும், ஒவ்வொரு கடியும் அந்த ஒரு பல்லின் மேலேயே இடிக்கும். குளியலறைக் கண்ணாடி முன் நின்று, எச்சில் ஊறும் வாயில், செய்கிற வேலையா இது?

தற்காலிக சிமெண்டின் குணம் வேறு. அதில் பழைய வகை, துத்தநாக ஆக்சைடையும் யூஜெனாலையும் சேர்த்துக் குழைப்பது. யூஜெனால் வேறொன்றும் இல்லை, கிராம்பு எண்ணெயின் சாரம். பல்வலிக்குப் பாட்டி கிராம்பை அடக்கிக்கொள்ளச் சொன்னாளே, அதேதான். அழுத்தமாகப் பிடிக்காது, டாக்டர் பெயர்த்தால் வந்துவிடும். பிடி தளர்வாக இருப்பதே இங்கே தகுதி. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இத்தகைய தற்காலிகப் பொருளை மருந்துக்கடையில் யாரும் வாங்கலாம்.

பல் மருத்துவர்கள் இதற்கு ஒரு மறுப்புச் சொல்வார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. கேப் சும்மா கழலாது. உள்ளே சொத்தை புகுந்திருக்கலாம், சிமெண்ட் கரைந்திருக்கலாம், பல்லே முறிந்திருக்கலாம். ரூட் கேனால் செய்த பல்லானால் வலியும் தெரியாது. தற்காலிகமாக ஒட்டிவிட்டு நோயாளி நிம்மதியாக மாதக்கணக்கில் உட்கார்ந்துவிட்டால், கடைசியில் பல்லைப் பிடுங்க வேண்டி வரும். உண்மைதான். ஆனால் கடையில் சிமெண்ட் இல்லாததால் அவர் மறுநாளே கிளினிக்குக்கு ஓடிவிடுகிறாரா? கேப்பைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மறு பக்கத்தில் மென்று காலம் தள்ளுகிறார். இல்லையென்றால் பசை டியூபைத் தேடுகிறார். சிறு பாக்கெட்டில் ஒரு தடவைக்கு மட்டும் ஆகும் அளவு, ‘ஒரு வாரத்துக்குள் பல் மருத்துவரைப் பாருங்கள்’ என்று பெரிய எழுத்தில் எச்சரிக்கை, ஒரே ஆள் அடுக்கடுக்காக வாங்க வந்தால் மருந்தாளுநர் நிறுத்தி விசாரிப்பது. மருத்துவர்களின் கவலைக்கு இவை ஓரளவு பதில் ஆகும்.

நோயாளி கிளினிக்குக்கு வராததற்குப் பணமும் ஒரு காரணம். கேப்பைத் திரும்ப ஒட்டுவது சின்ன வேலை. உள்ளே சொத்தை இருந்தால் செலவு எங்கே போய் நிற்குமோ என்ற பயத்திலேயே பலர் படியேறுவதில்லை. சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டையில் அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. கம்பத்திலோ கயத்தாறிலோ இருப்பவர் கேப்பை எடுத்துக்கொண்டு அங்கே பஸ் ஏற முடியுமா? தாலுகா மருத்துவமனைப் பல் பிரிவிலேயே கழன்ற கேப்பைக் கட்டணமில்லாமல் பார்த்து ஒட்டித் தர அரசு வகை செய்ய வேண்டும். கடையில் சிமெண்ட் விற்க அனுமதித்துவிட்டு இதைச் செய்யாமல் விட்டால், மருத்துவர்களின் அச்சத்தை நாமே மெய்யாக்கியவர்கள் ஆவோம்.

அதுவரை கேப் கழன்றவர்களுக்கு ஒரு வார்த்தை. லொடலொடவென்று ஆடும் கேப்போடு இரவில் தூங்காதீர்கள். அது மூச்சுக்குழலுக்குள் போனால் பல் டாக்டர் அல்ல, நுரையீரல் டாக்டர் தேவைப்படுவார். எடுத்துக் கழுவி, மூடியுள்ள சின்ன டப்பாவில் போட்டு வையுங்கள். டிஷ்யூ பேப்பரில் சுற்றி மேஜைமேல் வைத்தால், காலையில் வீடு பெருக்கும்போது அது குப்பையோடு போய்விடும்.