மொட்டைக் காக்க விஷம் வேண்டுமா?

அணுசக்தி நகரில் கீழ்த்தள வீடு கிடைத்தவர்களைக் கண்டால் மாடி வீட்டுக்காரர்களுக்குக் கொஞ்சம் பொறாமைதான். ஜன்னலுக்கு வெளியே இரண்டு முழ மண் இருந்தால் போதும், நம்மவர்களின் கை சும்மா இராது. கறிவேப்பிலை, துளசி, ஒரு மல்லிகைக் கொடி, கடைசியில் எப்படியும் நாலு ரோஜாச் செடி. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் முழம் போட்டு வாங்கும் பூவை விட, விடியற்காலையில் சொந்தச் செடியிலிருந்து பறித்து சாமி படத்துக்கு வைக்கும் ஒற்றைப் பூவுக்கு மதிப்பு அதிகம். ஊரை விட்டு வந்தவர்களுக்கு அது பூ மட்டுமல்ல, ஊரில் விட்டு வந்த கொல்லைப்புறமும்கூட.

அந்தச் செடியில் மொட்டு விரியாமல் கருகினால் மனம் என்ன பாடுபடும் என்பது வளர்த்தவர்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அந்த வேதனையில் நான் செய்த ஒரு தவறைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பல வருடங்களுக்கு முன்பு ஒரு மார்ச் மாதம். அக்டோபரில் கவாத்து செய்த செடிகள் குளிர்காலம் முழுவதும் அள்ளிக் கொடுத்துவிட்டு, வெயில் ஏறியதும் சுணங்கின. மொட்டின் ஓரம் தீய்ந்தது போலப் பழுப்பாகி, பாதி விரிந்து, கோணலாக நின்றது. ஊரிலிருந்து வந்த மைத்துனர், "அத்தான், இதெல்லாம் ஒரே அடியில போயிடும்" என்று, பருத்திக்கு அடிக்கும் மருந்தில் கொஞ்சத்தை ஒரு பழைய ஸ்குவாஷ் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தார். அளவும் இல்லை, பெயர்ச்சீட்டும் இல்லை. நானும் கண்ணளவாகக் கலந்து ஒரு மாலையில் அடித்துவிட்டேன்.

மறுநாள் காலை பக்கத்து வீட்டு மராட்டியக் குடும்பத்தின் நாலு வயதுச் சிறுமி, வழக்கம்போல வேலியோரம் வந்து, விரிந்திருந்த ஒரு பூவின் இதழ்களைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள். அவர்கள் வீட்டில் பாட்டி ரோஜா இதழில் குல்கந்து போடுவார். குழந்தைக்கு ரோஜா என்றால் தின்பண்டம். அரைமணி நேரத்தில் வாந்தி, வாயில் எச்சில் ஒழுக்கு, சோர்வு. மருத்துவமனையில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "என்ன மருந்து?" என்பது. பதில் சொல்ல என்னிடம் பெயர்ச்சீட்டு இல்லை. இரண்டு நாளில் குழந்தை தேறிவிட்டாள், கடவுள் புண்ணியம். அந்தப் பாட்டி என்னைத் திட்டவில்லை. "பாவூ, அடித்திருக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் சொன்னார். அந்த வார்த்தை இன்றும் உறுத்துகிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த மருந்தால் செடியும் பிழைக்கவில்லை. மூன்று வாரத்தில் இலையின் அடியில் சிலந்தி வலை போல மெல்லிய நூல், இலை முழுக்க வெளிறிய புள்ளிகள். சிவப்புச் சிலந்திப் பேன்! அது பூச்சி இனமே அல்ல, சிலந்திக் குடும்பம். பல பூச்சி மருந்துகளுக்கு அது சாவதில்லை. ஆனால் அதைத் தின்று அடக்கி வைத்திருந்த சின்னஞ்சிறு உயிர்களும் பொறிவண்டுகளும் செத்துப்போகின்றன. காவல்காரனைக் கொன்றுவிட்டுத் திருடனைத் தேடிய கதை.

மொட்டைக் கெடுப்பது யார் என்று பார்க்காமலே மருந்தைத் தேடுவதுதான் நம் முதல் பிழை. நம் பக்கத்துத் தோட்டங்களில் பெரும்பாலும் நான்கு பேர் வருவார்கள். ஓரம் கருகி மொட்டு விரியாமல் நின்றால் அது இலைப்பேன். வெள்ளைத் தாளின் மேல் மொட்டைத் தட்டினால், மெல்லிய கோடு போல ஊர்வது கண்ணுக்குத் தெரியும். வறண்ட வெயில் அதற்குக் கொண்டாட்டம். இளந்தண்டிலும் மொட்டுக் காம்பிலும் பச்சையாக அப்பிக்கொண்டு சாறு உறிஞ்சினால் அசுவினி. இது குளிர் மாதங்களின் விருந்தாளி. ஆண் துணையில்லாமலே குட்டி போடும். அதன் இனிப்புக் கழிவுக்காக எறும்பே அதற்குக் காவல் நிற்கும். மொட்டில் வட்டமாகத் துளையும் பக்கத்தில் எச்சமும் இருந்தால் காய்ப்புழு. பருத்தியையும் துவரையையும் அழிக்கும் அதே புழுதான். முதல் மழைக்குப் பிறகு இதழும் இலையும் இரவோடு இரவாகக் கடிபட்டிருந்தால் வண்டு.

நால்வருக்கும் ஒரே விஷம் என்பது, காய்ச்சலுக்கும் கால் சுளுக்குக்கும் ஒரே மாத்திரை கொடுப்பது போல. புழுவைக் கையால் எடுக்கலாம். வண்டை இருட்டிய பிறகு டார்ச் வெளிச்சத்தில் சோப்புத் தண்ணீரில் உதிர்க்கலாம். அசுவினியை நீரைப் பீய்ச்சி அடித்து விரட்டலாம், இரண்டு நாளுக்கு ஒரு முறை. இலைப்பேன்தான் சிக்கல். அது இதழ்களின் மடிப்புக்குள் ஒளிந்திருக்கும். மேலே படும் எந்த மருந்தும் அங்கே எளிதில் எட்டாது. எனவே கெட்ட மொட்டை, மனதைக் கல்லாக்கிக்கொண்டு, கிள்ளிப் பையில் கட்டி எறிவதே முதல் வைத்தியம். செடியடியில் உதிர்த்துப் போட்டால் பயனில்லை. இலைப்பேனின் குஞ்சுகள் மண்ணில் இறங்கித்தான் அடுத்த உருவம் எடுக்கின்றன. மண்ணைக் கொத்தி வேப்பம் புண்ணாக்கு இட வேண்டும். லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து வாரம் ஒரு முறை சாயங்காலம் தெளிக்கலாம்.

"வேப்பெண்ணெய் மெதுவாக வேலை செய்கிறது, நம்ப முடியவில்லை" என்பார்கள் நண்பர்கள். உண்மைதான். வேம்பு பூச்சியை உடனே கொல்வதில்லை, தின்ன விடாது, வளர விடாது. அவசரக்காரர்களுக்கு அது ஏமாற்றம். "செடிக்குள்ளேயே ஊடுருவும் மருந்து இருக்கிறதே" என்றும் கேட்பார்கள். ஊடுருவும் மருந்து மகரந்தத்துக்கும் போகும், தேனீக்கும் போகும். அப்படிப்பட்ட மூன்று மருந்துகளைத் திறந்தவெளியில் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2018-ல் தடை விதித்தது. நம் நாட்டிலும் எண்டோசல்ஃபானை, காசர்கோட்டு மக்கள் பட்ட பாட்டுக்குப் பிறகு, உச்ச நீதிமன்றம் 2011-ல் நிறுத்தியது. வீட்டுக்கு வீடு இருந்த டைக்குளோர்வாஸ் 2020 இறுதியோடு தடையானது. நேற்று "பாதுகாப்பானது" என்று வாங்கியது இன்று தடைப்பட்டியலில். நம் பரண்மேல் இருக்கும் பாட்டில் எந்தப் பட்டியலில் இருக்கிறது என்று யாராவது பார்த்தோமா?

போபாலை மறந்துவிட வேண்டாம். 1984 டிசம்பர் 2-ம் தேதி இரவு அந்த ஊரைக் கொன்ற வாயு, கார்பரில் என்ற பூச்சிமருந்தைத் தயாரிக்க வைத்திருந்ததுதான். பூச்சிக்கு என்று செய்வது மனிதனைப் பார்த்து விலகிப் போவதில்லை.

நாம் குடியிருக்கும் ஊருக்கு இன்னொரு கடமையும் இருக்கிறது. இந்த வளாகத்தை உருவாக்கிய ஹோமி பாபா, மரங்களை வெட்டச் சம்மதிக்காமல் வேரோடு பெயர்த்து வேறிடத்தில் நட வைத்தவர். கோதுமை ஆராய்ச்சியாளரும் ரோஜாப் பிரியருமான பி. பி. பால், தாம் உருவாக்கிய ஒரு ரோஜாவுக்கு அவர் பெயரையே வைத்தார். நம்மில் பலர் வேலை பார்த்த டிராம்பேயில் கதிர்வீச்சைக் கொண்டு உளுந்திலும் நிலக்கடலையிலும் புதிய ரகங்கள் கண்டார்கள். கதிர்வீச்சால் ஆண் பூச்சியை மலடாக்கி வெளியே விட்டு, விஷமில்லாமலே இனத்தைக் குறைக்கும் வித்தை உலகுக்கு வந்ததும் அறிவியலால்தான். 1954-ல் குராசோ தீவில் கால்நடைகளைத் தின்னும் புழு ஈயை அப்படித்தான் ஒழித்தார்கள். பூச்சியின் வாழ்க்கையைப் படித்தால் அதை வெல்லலாம் என்பது பாடம். அந்த அறிவியலின் வாசலில் குடியிருந்துகொண்டு, பெயரில்லாத பாட்டிலைக் கண்ணளவில் கலப்பது நமக்கு அழகா?

பணி ஓய்வு பெற்றதும் இந்த வீடுகளைக் காலி செய்து கொடுக்க வேண்டியவர்கள்தான் நாம். செடி இங்கேயே நிற்கும். அடுத்து வருபவரின் குழந்தை அதே வேலியோரம் வந்து நிற்கும். அதற்கு நாம் எந்த மண்ணை விட்டுப் போகப் போகிறோம்?

சங்கக் குடும்பங்களுக்கு என் வேண்டுகோள் மூன்றே மூன்று. பெயர்ச்சீட்டு இல்லாத எந்த மருந்தையும் வீட்டில் வைக்காதீர்கள், குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்கவே வைக்காதீர்கள். வேப்பெண்ணெயே ஆனாலும், தெளிக்கும் முன் அக்கம்பக்கத்தில் சொல்லிவிடுங்கள். தினமும் காலையில் ஐந்து நிமிடம், பேரப்பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு, மொட்டுகளைத் திருப்பிப் பாருங்கள். நம் மொழி அதற்குப் பேச வருமோ வராதோ என்ற கவலையும் அந்த ஐந்து நிமிடத்தில் கொஞ்சம் தீரும். அசுவினி, பொறிவண்டு என்று இரண்டு சொல்லாவது கற்றுக்கொள்ளும்.

பத்து மொட்டில் மூன்று போனால் போகட்டும். மிஞ்சும் ஏழு பூவை எந்தக் குழந்தையும் பயமில்லாமல் முகரலாம், தின்னவும் செய்யலாம்.

இப்போதும் நான் ரோஜா வளர்க்கிறேன். அந்தச் சிறுமி இன்று காலேஜ் போகிறாள். தீபாவளிக்கு வந்தபோது, "அங்கிள், இப்போது சாப்பிடலாமா?" என்று சிரித்துக்கொண்டே ஓர் இதழைக் கிள்ளினாள். "தாராளமாக" என்று சொல்ல முடிந்தது. அதுவே எனக்குப் போதும்.